காண்பதும் ஒரு கலை

நுழையும்முன்

விளையாடுவதற்குப் பயிற்சி வேண்டும் என்பதை அனைவரும் ஏற்பர். விளையாட்டைக் காண்பதற்கும் பயிற்சி வேண்டும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நடைபெற்ற 44ஆவது செஸ் ஒலிம்பியாட் போட்டியைச் சான்றாகக் கொண்டு, தொலைவிலிருந்து பயணம் செய்து வரும் ஒரு பார்வையாளர் அங்குக் கற்றுக்கொள்ளத்தக்கவை எவை என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

விளையாட்டு அரங்கில் மூன்று தரப்பினர் உள்ளனர்: ஆடுவோர், நடுவர், காண்போர். முதல் இரு தரப்பினர் இன்றி ஆட்டம் நடைபெறாது. மூன்றாம் தரப்பினர் இல்லாவிடினும் ஆட்டம் நடைபெறும். ஆயின் அது விழாவாகாது. 2021ஆம் ஆண்டு டோக்கியோவில் உலகம் இதனைக் கண்கூடாகக் கண்டது. பெருந்தொற்றின் காரணமாக ஓராண்டு தள்ளிவைக்கப்பட்ட ஒலிம்பிக் போட்டிகளுள் பெரும்பாலானவை வெற்று இருக்கைகளின் முன்னிலையில் நடந்தேறின. சாதனைகள் நிகழ்ந்தன, பதக்கங்கள் வழங்கப்பட்டன, எழுந்து நின்று கைதட்டத்தான் கூட்டமில்லை. காண்போர் ஒரு போட்டிக்கு என்ன தருகின்றனர் என்பதை, அவர்கள் இல்லாத அவ்வாண்டு நமக்கு உணர்த்தியது. அதற்கு அடுத்த ஆண்டில், உலகம் முழுவதும் உற்றுநோக்கிய ஒரு போட்டி நம் கடற்கரைக்கே வந்து சேர்ந்தது.

தமிழ் மண்ணில் உலக அரங்கு

செஸ் ஒலிம்பியாட் என்பது நாடுகள் அணிகளாகப் பங்கேற்கும் சதுரங்கப் போட்டி. முதற்போட்டி 1927ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்றது. 44ஆவது போட்டி ரஷ்யாவில் நடைபெறுவதாக இருந்தது. உக்ரைன் மீதான போரினால் அவ்வாய்ப்பு ரஷ்யாவிடமிருந்து விலக்கப்பட்டு, இந்தியாவுக்கு முதன்முறையாகக் கிடைத்தது. சில மாதங்களே எஞ்சியிருந்த நிலையில் தமிழ்நாடு அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டது. 2022 சூலை 28ஆம் நாள் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தொடக்க விழா நடைபெற்றது. ஆட்டங்கள் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடைபெற்றன.

பொதுப்பிரிவில் 188 அணிகளும் மகளிர் பிரிவில் 162 அணிகளும் பங்கேற்றன. ஒவ்வோர் அணியிலும் ஐவர். ஒரு சுற்றில் நால்வர் ஆடுவர், ஒருவர் மாற்று வீரராக இருப்பார். ஆகவே, ஒரே வேளையில் ஏறத்தாழ 700 பலகைகளில் ஆட்டம் நிகழ்ந்தது. வேட்டி சட்டை அணிந்து கைகூப்பி நின்ற ‘தம்பி’ என்னும் குதிரை, போட்டியின் சின்னமாயிற்று. சென்னை நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் சதுரங்கப் பலகையாகவே மாறியது.

காவிரிக் கரையிலிருந்து கடற்கரைக்கு

தஞ்சையிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தஞ்சைக்கும் சென்னை எழும்பூருக்கும் இடையே இயங்கும் விரைவு வண்டி ஒன்றின் பெயர் ‘உழவன்’. கும்பகோணம், மயிலாடுதுறை, சிதம்பரம், விழுப்புரம் வழியே செல்லும் அவ்வண்டியில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்கினால், திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் மாமல்லபுரம் அடையலாம்.

இவ்வழியே ஒரு பாடம்தான். மயிலாடுதுறை, இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரும் ஐந்து முறை உலக வாகையருமான விசுவநாதன் ஆனந்த் 1969ஆம் ஆண்டு பிறந்த ஊர். 1988இல் அவர் அப்பட்டம் பெற்றபோது இந்தியாவில் வேறு எவருக்கும் அது இல்லை. மாமல்லபுரத்தில் அவர் ஆடவில்லை; இந்திய அணிகளுக்கு வழிகாட்டியாக விளங்கினார். அப்போட்டி நடைபெற்ற நாள்களிலேயே ஃபிடே எனப்படும் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பின் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலத்துக்கு அருகிலுள்ள திருப்பூவனூரில் கோயில் கொண்டுள்ள இறைவனின் பெயர் சதுரங்க வல்லபநாதர். அரசன் மகளுடன் சதுரங்கம் ஆடி வென்று, அவளை இறைவன் மணந்தார் என்று அவ்வூர்த் தலபுராணம் கூறுகிறது. ஒலிம்பியாட் தொடக்க விழா உரையில் பிரதமர் இக்கோயிலைக் குறிப்பிட்டார். ஆகவே, நெல்வயல்களின் நடுவிலிருந்து ஒருவர் சதுரங்கம் காணப் புறப்படுவது அயலான ஒன்றைத் தேடிச் செல்வதாகாது.

எனினும், அந்தப் புறப்பாடு எளிதன்று. அவ்வாண்டு மேட்டூர் அணை வழக்கமான சூன் 12ஆம் நாளுக்கு முன்னதாகவே, மே 24ஆம் நாள் திறக்கப்பட்டது. சூலைத் திங்களில் அணை தன் முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டியது. ஆடிப்பெருக்கு நாளாகிய ஆகத்து 3ஆம் நாள், காவிரிக் கரைகளில் மக்கள் புதுப்புனலை வணங்கிக் கொண்டிருந்த வேளையில், பூஞ்சேரியில் ஆறாம் சுற்று நடைபெற்றது. வயலில் குறுவை நிற்கும்போது, நீர் பாய்ச்சவும் களையெடுக்கவும் ஆள் வேண்டியிருக்கும்போது, ஓர் உழவர் வீட்டுப் பிள்ளை இரண்டு நாள் வெளியூர் செல்வது என்பது வீட்டார் கூடி முடிவெடுக்க வேண்டிய செய்தி. பயணச் செலவும் உண்டு. வேலை இழப்பும் உண்டு. ‘தொலைக்காட்சியில்தான் காட்டுகிறார்களே, நேரில் போய் என்ன காணப்போகிறாய்?’ என்ற கேள்வி எழுவது இயல்பு. அக்கேள்விக்கு விடை கூறியே ஆகவேண்டும்.

திரையில் தெரிவதும் நேரில் தெரிவதும்

சதுரங்கத்தைப் பொறுத்தவரை அக்கேள்வி இன்னும் கூர்மையானது. இவ்விளையாட்டைக் காண்பதற்கு மட்டுமன்று, ஆடுவதற்கும்கூட ஓரிடத்தில் கூட வேண்டியதில்லை. 2020இல் ஒலிம்பியாட் இணையவழியிலேயே நடத்தப்பட்டது. இறுதிப்போட்டியின்போது இந்திய வீரர்கள் இருவரின் இணையத் தொடர்பு அறுந்தது; முடிவில் இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டன.

இன்று சதுரங்க ஒளிபரப்பில் பலகையின் ஓரத்தில் ஒரு பட்டை தோன்றுகிறது. ஆட்டம் எவர் பக்கம் சாய்கிறது என்பதைக் கணினி அதில் நொடிதோறும் காட்டுகிறது. அதனைப் பார்ப்பவர், உலகின் தலைசிறந்த வீரரைவிடத் தாம் மிகுதியாக அறிந்துவிட்டதாக எண்ணுகிறார். ‘இதுகூடத் தெரியவில்லையா?’ என்று எளிதாகக் கூறிவிடுகிறார். விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வெழுதுபவரைக் குறை கூறுவது போன்றது அது.

ஆட்டக்கூடத்தில் அவ்வுதவி இல்லை. அங்கு நாம் காண்பது ஆடுபவரைத்தான். முதல் 40 நகர்த்தல்களுக்கு 90 நிமிடம், அதன்பின் 30 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாக 30 நொடி என்பதே வகுக்கப்பட்ட நேரம். கடிகாரத்தில் நேரம் கரையக் கரைய, காயை நோக்கி நீண்ட கை நடுவழியில் நின்று பின்வாங்குவதைக் காண்கிறோம். தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது விதி. ஆதலால் அந்தத் தயக்கத்தின் விலை நமக்குப் புரிகிறது. அணியின் ஆட்டம் மட்டுமன்று, ஆடுபவரின் உடலும் கண்முன் நிற்கிறது. ஏறத்தாழ ஒன்பது மாதக் கருவுற்றிருந்த ஹரிகா துரோணவல்லி, இந்திய மகளிர் அணியில் அமர்ந்து ஆடினார். புள்ளிப்பட்டியலில் அவர் பெற்றது ஓர் எண். நேரில் கண்டவர்க்கு அவர் மணிக்கணக்கில் இருக்கையில் அமர்ந்திருந்ததன் பொருள் தெரியும்.

திரை ஆட்டத்தின் நிலையைக் கூறுகிறது. நேரில் காண்பது ஆடுபவரின் நிலையைக் கூறுகிறது. பயணத்தின் பயன் இதுவே.

அமைதி என்னும் பங்களிப்பு

கால்பந்து அரங்கில் ஆரவாரம் ஊக்கம் தரும். சதுரங்கக் கூடத்தில் அமைதியே பார்வையாளர் தரும் கொடை. ஃபிடே விதிகளின்படி பார்வையாளர் எவரும் ஆட்டத்தில் தலையிடலாகாது. ஏதேனும் ஒரு முறைகேட்டைக் கண்ணுற்றாலும் அதனை நடுவரிடம் மட்டுமே தெரிவிக்கலாம். நடுவரின் ஒப்புதலின்றிக் கைப்பேசியைப் பயன்படுத்தக் கூடாது. மீறுபவரை வெளியேற்றும் உரிமை நடுவருக்கு உண்டு.

இவ்வொழுங்கு காவிரிப் படுகை மக்களுக்குப் புதிதன்று. திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையில் ஆற்றங்கரைப் பந்தலில் தரையில் அமர்ந்து இசை கேட்கும் கூட்டமும், மெலட்டூரில் விடிய விடியப் பாகவத மேளா நாட்டிய நாடகம் காணும் கூட்டமும் இவ்வொழுங்கில் பழகியவை. ஓர் இராகம் விரியும் வேளையில் பேசாதிருக்கவும், அது நிறைவுறும் இடத்தில் தலையசைக்கவும் நல்ல சுவைஞர் அறிவார். பாடுபவர் எவ்வூரார் என்று அவர் கேட்பதில்லை. பாட்டு எத்தகையது என்றே நோக்குகிறார். பன்னாட்டுப் போட்டிக்குச் செல்லும் பார்வையாளர்க்கு வேண்டிய முதன்மைப் பண்பும் இதுவே. சொந்த நாட்டு அணியின் வெற்றியை விரும்புவது இயல்பு. எதிரணியின் சிறந்த ஆட்டத்தைப் பாராட்டுவது பண்பாடு. இரண்டும் ஒருவரிடத்தில் இணைந்திருக்க முடியும்.

தோல்வியின் அருகில்

ஆகத்து 8ஆம் நாள் பத்தாம் சுற்று. இந்தியாவின் இரண்டாம் அணி உஸ்பெகிஸ்தானை எதிர்கொண்டது. முதற்பலகையில் 16 வயதான குகேஷும், 17 வயதான அப்துசத்தோரோவும் எதிரெதிரே அமர்ந்தனர். குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றிருந்தார். அன்றும் வெற்றி பெறத்தக்க நிலையிலேயே இருந்தார். நெடுநேரப் போராட்டத்தின் முடிவில் குதிரையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். ஆட்டம் கைவிட்டுப் போயிற்று. அதே சுற்றில் பிரக்ஞானந்தா வெற்றி பெற்றதால் மோதல் 2-2 எனச் சமனாயிற்று.

மறுநாள் இறுதிச் சுற்று. மகளிர் பிரிவில் முன்னணியில் இருந்த இந்திய முதல் அணி, அமெரிக்காவிடம் 1-3 எனத் தோற்றது. பொதுப்பிரிவில் உஸ்பெகிஸ்தான் தங்கமும் ஆர்மீனியா வெள்ளியும் இந்தியாவின் இரண்டாம் அணி வெண்கலமும் வென்றன. மகளிர் பிரிவில் உக்ரைன், ஜார்ஜியா, இந்தியா என அவ்வரிசை அமைந்தது. போரில் சிக்குண்ட நாட்டிலிருந்து வந்த பெண்கள் தங்கம் வென்றதை, அந்நாட்டு மண்ணைக் கண்டிராத நம் மக்கள் நேரில் கண்டனர்.

தங்கம் கைக்கெட்டும் தொலைவில் நழுவியது நமக்கு வருத்தமே. ஆயினும் ஒரு பார்வையாளர் தன் அணி வெல்வதைக் காண மட்டுமே பயணம் செய்தாராயின், தோல்வி நாளில் அவர் பயணம் வீணாகிவிடும். ஆட்டத்தைக் காணச் சென்றவர்க்கு எந்நாளும் வீணன்று. பருவம் பொய்த்த ஆண்டிலும் வயலை வலம்வரும் உழவரின் கண், விளைச்சலை மட்டும் பார்ப்பதில்லை. மண்ணையும் நீரையும் பயிரின் நிறத்தையும் பார்த்து அடுத்த பருவத்துக்குரியதை அறிந்து கொள்கிறது. அத்தகைய கண்ணே பார்வையாளர்க்கு வேண்டும்.

புறப்படும் முன்

பன்னாட்டுப் போட்டியொன்றைக் காணச் செல்வோர் சிலவற்றை முன்கூட்டியே செய்தல் நன்று. விளையாட்டின் விதிகளையும் புள்ளி வழங்கும் முறையையும் அறிந்துகொள்ள வேண்டும். செஸ் ஒலிம்பியாடில் நான்கு பலகைகளின் கூட்டுப்புள்ளியே அணியின் வெற்றியை உறுதிசெய்யும் என்பதை அறியாதவர்க்கு, ஒருவரின் சமன் ஏன் கொண்டாடப்படுகிறது என்பது விளங்காது. நுழைவுச்சீட்டு, அடையாள அட்டை, திரும்பும் வண்டியின் நேரம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் வரிசைப் பலகைகளோடு நின்றுவிடாமல், பெயர் கேள்விப்படாத சிறு நாடுகளின் ஆட்டத்தையும் சிறிது நேரம் காண வேண்டும். அங்கு ஆடுபவருள் பலர் பதக்க நம்பிக்கையின்றியே நெடுந்தொலைவு கடந்து வந்தவர்கள். கண்டதை அன்றிரவே குறிப்பேட்டில் எழுதுவது, காட்சியை அறிவாக மாற்றும்.

வெளியூர் செல்ல வாய்ப்பில்லாதவர் வருந்த வேண்டியதில்லை. தம் ஊர்த் திடலில் நடைபெறும் கபடிப் போட்டியிலேயே இப்பயிற்சியைத் தொடங்கலாம். எதிரணி வீரரின் நல்ல பிடிக்கு முதலில் கைதட்டுபவர், உலக அரங்கில் அமரும் தகுதியைப் பெற்றுவிட்டார்.

2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் நகரில் நடைபெற்ற அடுத்த ஒலிம்பியாடில் இந்தியா இரு பிரிவிலும் தங்கம் வென்றது. அதே ஆண்டு திசம்பர் 12ஆம் நாள், சிங்கப்பூரில் குகேஷ் உலக வாகையரானார். அவ்வெற்றியைக் கோடிக்கணக்கானோர் திரையில் கண்டு மகிழ்ந்தனர். பூஞ்சேரியில் ஆகத்து 8ஆம் நாள் அவர் தோற்றெழுந்ததை நேரில் கண்ட சிலர்க்கு, அவ்வெற்றியின் மற்றொரு பாதியும் தெரிந்திருந்தது.

தெரிந்து தெளிவோம்

செஸ் ஒலிம்பியாடில் ஒரு பலகையில் வென்றால் 1 புள்ளி; சமன் எனில் அரைப்புள்ளி. நான்கு பலகைகளின் கூட்டுத்தொகையில் முந்தும் அணி 2 அணிப்புள்ளிகளைப் பெறும். கூட்டுத்தொகை சமமாயின் இரு அணிகளுக்கும் ஒவ்வோர் அணிப்புள்ளி வழங்கப்படும். மாமல்லபுரத்தில் மொத்தம் 11 சுற்றுகள் நடைபெற்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெறும் ஒரு விளையாட்டுப் போட்டியைக் கண்டு, வெற்றி தோல்வியைக் குறிப்பிடாமல், ஆடுவோர் ஒருவரின் செயல்களை மட்டும் ஒரு பக்க அளவில் எழுதுக.
2. ‘நேரில் காண்பதே சிறந்தது’, ‘திரையில் காண்பதே சிறந்தது’ என்னும் தலைப்புகளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா
1. 44ஆவது செஸ் ஒலிம்பியாட் இந்தியாவுக்குக் கிடைத்த சூழலைக் குறிப்பிடுக.
2. திருப்பூவனூர் இறைவனின் பெயர்க்காரணம் யாது?

சிறுவினா
1. ‘திரை ஆட்டத்தின் நிலையைக் கூறுகிறது. நேரில் காண்பது ஆடுபவரின் நிலையைக் கூறுகிறது’ – விளக்குக.
2. இசை சுவைப்போரையும் சதுரங்கம் காண்போரையும் ஒப்பிடுக.

நெடுவினா
1. தோல்வி நாளிலும் பார்வையாளரின் பயணம் வீணாவதில்லை என்பதைப் பாடக்கருத்துகளின்வழி நிறுவுக.