பிரிஜிட் என்றொரு பெயர்: குடிசன மதிப்பீடு கூறும் பாடம்

எங்கள் வகுப்பு வரவு இடாப்பைத் திறந்தால் பெரும்பாலான பெயர்கள் ‘பாத்திமா’ என்றே தொடங்கும். பல இடங்களில் அது ஒரேயொரு எழுத்தாகச் சுருங்கியும் இருக்கும். நூறு ஆண்டுகளின் பின்னர் யாராவது இந்த இடாப்பை மட்டும் வைத்துக்கொண்டு எங்களைத் தேடினால், எவரை எவரென்று அறிவார்? வரலாற்றுப் பாடத்தில் மூலாதாரங்கள் பற்றிக் கற்றபோது எனக்குள் எழுந்த இக்கேள்விக்கு, தொலைவிலுள்ள அயர்லாந்தின் பழைய குடிசன மதிப்பீட்டுப் பதிவுகளில் ஒரு விடை கிடைத்தது.

அந்நாட்டில் மேரி, மார்கரெட் என்பவற்றைப் போல மிகப் பரவலாக வழங்கிய பெண் பெயர் பிரிஜிட். கில்டேர் என்ற இடத்தில் மடம் நிறுவியவராகப் போற்றப்படும் கிறிஸ்தவத் துறவி ஒருவரின் பெயர் அது. பெப்ரவரி முதலாம் திகதி அவரது நினைவு நாளாகும். அத்துடன், மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயரையும், அடுத்தவளுக்குத் தந்தையின் தாய் பெயரையும் இடும் வழக்கமும் அங்கு பரவலாக இருந்தது. எனவே ஒரே ஊரில், ஒரே குடும்பப் பெயரோடு பல பிரிஜிட்கள் இருந்தனர்.

அயர்லாந்தில் 1821 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை குடிசன மதிப்பீடு நடந்தது. ஆயினும் 1821 முதல் 1851 வரையான பதிவுகளுள் பெரும்பகுதி, 1922 ஜூனில் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் நகரிலிருந்த பொதுப் பதிவேட்டு அலுவலகம் எரிந்தபோது அழிந்தது. 1861 முதல் 1891 வரையானவற்றை அரசே அழித்துவிட்டது. 1911 வரையானவற்றுள் நாடு முழுவதற்குமாக எஞ்சியுள்ள பதிவுகள் 1901 மார்ச் 31 மற்றும் 1911 ஏப்ரல் 2 ஆகிய நாட்களுக்குரியவை மட்டுமே. பெயர், குடும்பத் தலைவருடனான உறவு, சமயம், எழுத்தறிவு, வயது, தொழில், திருமண நிலை, பிறந்த இடம், ஐரிஷ் மொழி அறிவு என்பன அவற்றில் வரிசையாகக் கேட்கப்பட்டுள்ளன.

பெயரை மட்டும் பார்த்தால் எல்லாப் பிரிஜிட்களும் ஒருவரே போலத் தோன்றுவர். வரிசை முழுவதையும் வாசித்தால்தான் வேறுபாடு புலப்படும். மேற்கே கோல்வே, மேயோ போன்ற மாவட்டங்களில் ஒரே வீட்டில் பாட்டியும் பேத்தியும் பிரிஜிட்களாக இருப்பதுண்டு. பாட்டிக்கு ஐரிஷ் தெரியும், வாசிக்கத் தெரியாது. பேத்திக்கு ஆங்கிலத்தில் எழுதவும் வாசிக்கவும் தெரியும். 1831இல் தொடங்கிய தேசியப் பாடசாலை முறை ஆங்கில வழியிலேயே கற்பித்தது. எழுத்தறிவு வளர்ந்ததையும் தாய்மொழி தேய்ந்ததையும் ஒரே பெயருடைய இருவரின் வரிகளில் காண்கிறோம்.

வயதை நம்பவும் எச்சரிக்கை வேண்டும். 1901க்கும் 1911க்கும் இடையில் பத்து வயதுக்கு மேல் கூடிய முதியவர்கள் பலர். 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுபது வயதானோருக்கு, வசதி குறைந்தவராயின், முதியோர் ஓய்வூதியம் கிடைத்தது. ஆனால் எல்லாப் பிறப்புகளையும் பதியும் முறை 1864இல்தான் ஆரம்பமானது. ஆகவே முதியோர் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே இருக்கவில்லை. சிலர் தம் சரியான வயதை முன்னர் அறிந்திருக்கவுமில்லை. எனவே வயது வேறுபட்டதால் அவர் வேறொருவர் என்று முடிவுகட்டக் கூடாது.

பெயருங்கூட நிலையாக நிற்பதில்லை. ஒரு பதிவில் பிரிஜிட்டாக இருப்பவர் மற்றொன்றில் ‘டீலியா’ ஆகவும், ‘பிரைடி’ ஆகவும், ஐரிஷில் ‘பிரீட்’ ஆகவும் வரக்கூடும். இவை யாவும் அப்பெயரின் மாற்று வடிவங்களே. இதில் டீலியாவுக்குப் பின்னால் ஒரு துயரமும் உண்டு. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தின் பின்னர் அயர்லாந்துப் பெண்கள் பலர் தனியாகவே அமெரிக்கா சென்று வீட்டுப் பணிப்பெண்களாயினர். அங்கே அயர்லாந்துப் பணிப்பெண் எவராயினும் ‘பிரிஜிட்’ அல்லது ‘பிட்டி’ என்றே ஏளனமாக அழைக்கப்பட்டார். கேலிச் சித்திரங்களிலும் அப்பெயர் இடம்பெற்றது. பெற்றோர் மதிப்போடு சூட்டிய பெயர், பிறர் வாயில் வசையாகியது. டீலியா என்ற நாகரிகமான ஒலியை விரும்பி ஏற்றோரும் இருந்தனர். இகழ்ச்சிக்கு அஞ்சி மாறியோரும் இருந்தனர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படிவத்தைக் குடும்பத் தலைவரே நிரப்பினார். மனைவியின் விபரத்தைக் கணவரும், வீட்டோடு தங்கிய பணிப்பெண்ணின் விபரத்தை எசமானரும் எழுதினர். மனநோயாளர் இல்லங்களில் இருந்தோருக்கோ முதலெழுத்துகள் மட்டுமே. அங்கே ஒரு பிரிஜிட் ‘பி’ ஆகிவிடுகிறார்.

1911ஆம் ஆண்டுப் படிவத்தில் மணமான பெண்களிடம், பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடிருப்போர் எத்தனை என்றும் கேட்கப்பட்டது. அருகருகே இரண்டு இலக்கங்கள். இரண்டாவது இலக்கம் சிறியதாக இருக்கும் இடங்களில் என்னால் உடனே அடுத்த வரிக்குச் செல்ல முடியவில்லை. கழித்துப் பார்க்கும் அந்தச் சிறு கணக்கில் ஒரு தாயின் கண்ணீர் இருக்கிறது.

ஆகவே, பழைய பதிவில் ஒருவரைத் தேடுவோர் பெயரில் நின்றுவிடாமல், உடன் வாழ்ந்தோர், பிறந்த இடம், தொழில் ஆகியவற்றையும் ஒப்பிட வேண்டும். இது ஆய்வுக்குரிய பாடம். வாழ்க்கைக்குரிய பாடம் ஒன்றும் உண்டு. ஒருவரையொருவர் இழிவான பட்டப்பெயர்களால் அழைப்பதை அல்குர்ஆன் ஸூரத்துல் ஹுஜுராத்தில் தடுக்கின்றது. சிறு வயதில் ஓதிய அந்த வசனத்தின் பாரத்தை, தன் பெயரை மறைக்க நேர்ந்த பிரிஜிட்களைப் பற்றிப் படித்தபோதே உணர்ந்தேன்.

எல்லோருக்கும் உள்ள பெயர்தானே என்று என் பெயரின் முதற்பகுதியை நான் எழுதாமல் விட்டதுண்டு. இப்போது பயிற்சிக் கொப்பியின் அட்டையில் அதை முழுமையாக எழுதுகிறேன்.