திருடியவன் ஒருவன், கொன்றவர்கள் எத்தனை பேர்?



வைகாசியில் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் வேலைக்குப் போன நம்ம பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு நடக்கும், கதையும் பாடுவார்கள். அது ஒரு திருட்டுக் கதை. "தெரிஞ்ச கதைதானே" என்று விட்டுவிடாதீர்கள். சிலப்பதிகாரம் சொல்லுகிறபடி அதை எடுத்து, ஒரே கேள்வி கேட்போம்: ஒவ்வொருவரும் ஏன் அப்படிச் செய்தார்கள்?

கோவலன்: புகார்த் துறைமுகத்து வணிகர் வீட்டுப் பிள்ளை. பொருளெல்லாம் கரைந்தபின் ஊரில் இருக்க வெட்கம். கண்ணகியின் சிலம்பை விற்று, அந்த முதலில் தொழில் தொடங்க மதுரைக்கு வந்தான்.

பொற்கொல்லன்: அரசியின் சிலம்பைத் திருடியவன் இவன்தான். எப்போது அகப்படுவோமோ என்று இருந்தவன் முன்னால், அதே மாதிரிச் சிலம்போடு ஒரு வெளியூரான் வந்து நின்றான். ஆசை திருட வைத்தது, பயம் பழி போட வைத்தது.

பாண்டிய மன்னன்: கொடியவன் அல்ல. ஊடிப்போன அரசியைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரம். நின்று விசாரிக்காமல் ஆணையிட்டான்.

காவலர்: "இவனைப் பார்த்தால் கள்ளன் மாதிரி இல்லையே" என்று தயங்கினார்கள். பொற்கொல்லன் கள்ளரின் தந்திரங்களை அடுக்கிக்கொண்டே போனான். பேச்சு முடியுமுன் ஒரு குடிகாரன் வாளை வீசிவிட்டான். தயங்கியவர்கள் தடுக்கவில்லை.

பிறகு கண்ணகி சபையில், கோவலனிடமிருந்து பறித்த தன் சிலம்பை உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது. அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. மன்னன் தன் பிழையை மறைக்கவில்லை. அந்த இடத்திலேயே உயிர் விட்டான். "சிலம்புக்குள்ளே என்ன பரல்?" என்று முதலிலேயே ஒருவர் கேட்டிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான்.

நம்ம லயத்திலும் ஒரு தோடு காணாமல் போனால் என்ன நடக்கிறது? "புதுசா வந்தவன்தான் எடுத்திருப்பான்" என்று ஒருவர் சொல்ல, பத்துப் பேர் தலையாட்டுகிறோம். தோடு அரிசிப் பானைக்குப் பின்னால் கிடைக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு விழுந்த கள்ளன் பட்டம் லேசில் போகாது.

வீட்டில் பேசுங்கள்:

1. பொற்கொல்லனின் பயம், மன்னனின் அவசரம், காவலரின் மௌனம்: எது பெரிய குற்றம்? ஏன்?

2. நீங்கள் அந்தக் காவலரில் ஒருவராக இருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்?

சிறு பிள்ளைகளை முதலில் பேச விடுங்கள். பெரியவங்க பிறகு சொல்லலாம்.