பூனை மணல் தட்டை விட்டு வெளியே சிறுநீர் கழித்தால்

தோட்டத்து லயத்தில் பூனை வளர்த்தவர்களுக்கு மணல் தட்டு என்ற பேச்சே இருந்திருக்காது. வீட்டுக்குப் பின்னால் கீரைப் பாத்தி, அதைத் தாண்டினால் ரப்பர் மரங்கள். பூனை மண்ணைத் தோண்டிக் காரியத்தை முடித்து, காலால் மூடிவிட்டு வந்துவிடும். இன்று சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கம் ரப்பர் நின்ற பல இடங்களில் தாமான் வீடுகள் நிற்கின்றன. முன்வாசல் முதல் பின்கதவு வரை சிமெண்டு. பிளாஸ்டிக் பேசினில் கொஞ்சம் மணலைக் கொட்டி, “இனி இதில்தான்” என்கிறோம். பூனை அதை விட்டுவிட்டுத் துணிக்கூடையிலோ சாமி மேடைக்குக் கீழோ சிறுநீர் கழித்தால் வீட்டில் சச்சரவு தொடங்குகிறது. பசாரில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

அப்படிச் செய்ய வேண்டாம். பூனை யாரையும் பழிவாங்க இப்படிச் செய்வதில்லை. ஒன்று, அதன் உடம்பில் கோளாறு இருக்கிறது. இல்லையென்றால் தட்டிலோ வீட்டிலோ ஏதோ அதற்குப் பிடிக்கவில்லை. அடித்தாலும், மூக்கைச் சிறுநீரில் தேய்த்தாலும் அது மறைவான இடம் தேடிப் போகுமே தவிர, தட்டுக்குத் திரும்பாது.

முதலில் உடம்பைப் பாருங்கள்

எல்லாவற்றிலும் அவசரமானது கடுவன் பூனைக்கு வரும் சிறுநீர் அடைப்பு. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகலானது. சிறு கற்களோ சளி போன்ற கசடோ அதை அடைத்துவிடும். பூனை அடிக்கடி தட்டுக்குப் போய்க் குந்தும், முக்கும், கத்தும். சொட்டுக் கூட வராது, அல்லது இரத்தம் கலந்து ஓரிரு சொட்டு வரும். அடிப்பகுதியை ஓயாமல் நக்கும். பிறகு வாந்தி எடுக்கும், சாப்பிடாமல் மூலையில் ஒளியும். கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் இறந்துவிடும்.

நம்மில் பலர் இதை மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுப்பதுண்டு. முக்குவதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் எண்ணெய் அடைப்பை நீக்காது. கையில் இருக்கும் நேரம்தான் வீணாகும். வயிற்றை அமுக்கிப் பார்க்கவும் கூடாது. வலிக்கு நாம் போடும் பெனடோலைக் கொடுக்கவே கூடாது. ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். சிறுநீர் வராத கடுவனை அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். இரவிலும் விடுமுறையிலும் பார்க்கும் கிளினிக் உங்கள் ஊருக்கு அருகில் எது என்று இப்போதே விசாரித்து, தொலைபேசி எண்ணைக் குளிர்பெட்டியின் மேல் ஒட்டி வைப்பது நல்லது.

பெண் பூனைக்கு முழு அடைப்பு வருவது அரிது. சிறுநீர்ப்பை அழற்சி வரும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல இடத்தில் போகும். இதையும் ஓரிரு நாளில் காட்டிவிடுங்கள். வயதான பூனை வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடித்து, தட்டு நிறையச் சிறுநீர் கழித்தால் சிறுநீரகக் கோளாறோ இனிப்பு நீரோ இருக்கலாம். ஆம், நமக்கு வரும் அதே இனிப்பு நீர் பூனைக்கும் வரும். மூட்டு வலியும் வரும். உயரமான விளிம்பைத் தாண்ட முடியாமல் தட்டுக்குப் பக்கத்திலேயே போய்விடும். அதற்கு விளிம்பு தாழ்ந்த தட்டு போதும்.

உலர்ந்த தீனியை மட்டுமே தின்னும் பூனை போதிய தண்ணீர் குடிப்பதில்லை. உப்புப் போடாமல் அவித்த மீனை அதன் நீரோடு கலந்து கொடுங்கள். கருவாடும் உப்பு நெத்திலியும் வேண்டாம்.

நின்றபடி வாலைத் தூக்கி, சுவரில் பீய்ச்சினால் அது வேறு கதை. வெளிக் கடுவன்கள் கேட் பக்கம் சுற்றும்போது உங்கள் பூனை எல்லையைக் குறிக்கிறது. கருத்தடை செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

தட்டில் என்ன குறை?

உடம்பில் குறை இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு தட்டைப் பாருங்கள். பல வீடுகளில் அது மிகச் சிறியது. பூனையின் உடல் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். சாதாரணத் துணி பேசின் நன்றாகவே உதவும். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டு பூனைக்கு மூன்று. எல்லாவற்றையும் ஒரே மூலையில் அடுக்கினால் பூனைக்கு அது ஒரே இடம்தான், தனித்தனியாக வையுங்கள். தீனிக்குப் பக்கத்திலும், சலவை இயந்திரம் குலுங்கும் இடத்திலும் வைக்கக் கூடாது.

மணல் இரண்டு அங்குல ஆழம் இருக்கட்டும். வாசனை சேர்த்த மணல் நமக்குப் பிடிக்கும், பல பூனைகளுக்குப் பிடிக்காது. மண்ணிலேயே பழகிய பூனை என்றால், பாத்தி மண்ணையே பேசினில் போட்டு, கடை மணலைத் தினம் ஒரு கை சேர்த்துக்கொண்டே வாருங்கள். பத்து நாளில் பழகிவிடும். அவசரப்பட்டு ஒரே நாளில் மாற்றினால் மறுபடி துணிக்கூடைதான்.

கழிவைத் தினமும் அள்ளுங்கள். பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கலாம். அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதற்குள் அள்ளிவிட்டால் ஆபத்து குறையும். கையுறை போட்டு அள்ளி, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கர்ப்பமாக இருக்கும் மகளோ மருமகளோ இந்த வேலையைச் செய்யக் கூடாது.

துடைக்கும்போது உங்கள் நலம்

சிறுநீரின் மேல் குளோரின் கலந்த வெளுப்பு நீரை ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கண்ணையும் மூச்சையும் எரிக்கும் வாயு வரும். கதவு சாத்திய குளியலறையில், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது கெடுதல். பினாயிலும் டெட்டாலும் பூனைக்கு நஞ்சு. பழைய நாளிதழால் ஒற்றி எடுத்து, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் நொதி கலந்த துப்புரவு நீர் இன்னும் மேல். வாடை மிச்சமிருந்தால் பூனை அதே இடத்துக்குத் திரும்பும்.

இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் தட்டை வைக்காதீர்கள். ஈரமான தரையில் வழுக்கினால் இடுப்பெலும்பு உடையும். அந்த வழியில் சிறு விளக்கு ஒன்று எரியட்டும்.

வலியில் இருக்கும் பூனை, தூக்கும்போது கடிக்கும். துண்டைப் போர்த்தித் தூக்குங்கள். கடிபட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே சுகாதாரக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் புண் விரைவில் சீழ் பிடிக்கும். 2015-ல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நாய்களிடம் வெறிநோய் கண்டறியப்பட்டது. அது பூனைக்கும் தொற்றும் நோய். எனவே எந்தப் பூனை, எப்போது, எப்படிக் கடித்தது என்பதை மருத்துவரிடம் விவரமாகச் சொல்லுங்கள்.