ஐந்து விரலும் விரியட்டும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு சின்னப் பிள்ளை வருகிறான். பெயர் கிடையாது. குடத்துக்குள் கிடக்கும் ஓலைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அவனுடைய தகுதி. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க, சோழன் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு அவனைக் கூப்பிட்டுக் குடத்தில் கைவிடச் சொல்கிறது. அவன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கி அவன் வாசித்தால் மட்டும் போதாது. அங்கிருக்கும் பூசகர்களான நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும்.

இதை எழுதுகிறவன் கூரத்துக்காரன். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அந்தச் சுவர் முன்னால் நின்று, வாத்தியார் சொன்ன ஆண்டை நோட்டில் குறித்துக்கொண்டு, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கப் போனவன். கணினிப் பாதுகாப்பில் எம்.இ. சேர்ந்து ஒரு செமஸ்டர் அடிபட்ட பிறகுதான் அந்த விரல்கள் அவனுக்கு உறைத்தன. விரலிடுக்கில் வேறோர் ஓலையை வைத்திருந்து மாற்றிவிடலாம் என்று யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். அல்லது யாரோ மாற்றியே இருக்கிறார்கள். 919-இல் வெட்டிய விதி போதாமல் 921-இல் இன்னும் விரிவாக வெட்டியிருப்பதைப் பார்த்தால், இரண்டாவதையே நம்பத் தோன்றுகிறது.

அடிபட்ட கதை இது. முதல் செமஸ்டரில் அவன் படித்ததெல்லாம் கருவிகள். லேப்டாப்பில் காளி லினக்ஸ், என்மேப், மெட்டாஸ்ப்ளாய்ட், வயர்ஷார்க். ரெக்கார்டு நோட்டு முழுக்க ஸ்கிரீன்ஷாட். வைவாவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "இந்தக் கட்டளையைக் கொடுத்தா உள்ளே போயிடுதுங்கிற. சரி. ஏன் போகுது?" மின்விசிறிச் சத்தம் அவ்வளவு தெளிவாக அவனுக்கு அதற்கு முன் கேட்டதில்லை.

விடுமுறையில் அடியிலிருந்து ஆரம்பித்தான். ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் செஸ்டர் ரெபைரோவின் பாதுகாப்பு வகுப்புகள் என்.பி.டி.இ.எல்.லில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதோடு, ஃபிராக் இதழில் 1996-இல் அலெஃப் ஒன் நினைவக அடுக்கை உடைப்பது பற்றி எழுதிய பழைய கட்டுரை. அதைப் பார்த்து, 64 பைட் இடம் ஒதுக்கிய ஒரு சின்ன சி நிரல் எழுதி, நூறு 'ஏ' எழுத்தைத் திணித்தான். ஃபங்ஷன் திரும்பிப் போக வேண்டிய முகவரி அழிந்து, டீபக்கரில் 41, 41, 41 என்று வரிசையாகத் தெரிய வேண்டும். 'ஏ'யின் ஹெக்ஸ் எண் அது. தெரியவில்லை. அடுக்கு உடைக்கப்பட்டது என்று ஒரு வரியை எழுதிவிட்டு நிரல் செத்துப்போனது.

மூன்று நாள் கட்டுரையைத் திட்டிக்கொண்டிருந்தான். கட்டுரையில் தப்பில்லை, 1996-க்குப் பிறகு பூட்டுகள் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றின் பெயர் கேனரி. திரும்பிப் போகும் முகவரிக்கு முன்னால் ஒரு ரகசிய எண்ணை வைத்துவிடுவார்கள். முகவரியை அழிக்க வருகிறவன் அந்த எண்ணையும் அழித்தாக வேண்டும். எண் மாறியிருந்தால் நிரல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். கேனரி கைவைப்பதைத் தடுப்பதில்லை, கைவைத்ததைக் காட்டிக்கொடுக்கிறது.

கூரத்துக்காரனுக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த செப்பேடுகளால் பெயர் பெற்ற ஊர் அது. செப்பேடுகளை வளையத்தில் கோத்து, வளையத்தின் முனைகளை முத்திரையால் மூடுவது அந்தக் கால வழக்கம். நடுவில் ஓர் ஏட்டைச் செருக நினைத்தால் வளையத்தை வெட்ட வேண்டும். வெட்டினால் தெரிந்துவிடும்.

அதன் பிறகு அவன் கண்டுகொண்ட வழி இது: மெய்நிகர் இயந்திரத்துக்குள் பழைய நிரலை வைத்து, பாதுகாப்புகளை ஒவ்வொன்றாக அணைத்து, தாக்கி, மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது. எதைப் போட்டதும் தாக்குதல் நிற்கிறது, அது நின்ற பிறகும் எது மிச்சம் என்று ஒரு நோட்டில் எழுதுவது. மந்தமான வேலைதான். ஆனால் ஒரு மாதத்தில் வைவாக் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

இந்தக் கண்ணோடு 2019-இல் சென்னை ஆய்வாளர் லக்ஷ்மண் முத்தையா கண்டுபிடித்த இன்ஸ்டாகிராம் ஓட்டையைப் படித்தால் கதை வேறு மாதிரி இருக்கும். கடவுச்சொல் மறந்தவருக்கு வரும் குறியீடு ஆறு இலக்கம். மொத்தம் பத்து லட்சம் வாய்ப்பு, பத்து நிமிடம் ஆயுள். தவறாகப் போட்டுக்கொண்டே இருந்தால் சர்வர் தடுக்கும். எல்லாரும் பூட்டு இருக்கிறது என்று திரும்பிப் போகிற இடத்தில், பூட்டு எப்படி எண்ணுகிறது என்று அவர் பார்த்தார். ஒரே நேரத்தில் வந்து குவிந்தால் எண்ணிக்கை தடுமாறியது. பல ஐ.பி. முகவரிகளிலிருந்து வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. ஆயிரம் முகவரிகளிலிருந்து இரண்டு லட்சம் குறியீடுகளை அனுப்பிக் காட்டினார். நிறுவனத்திடம் முறையாகச் சொன்னதற்கு 30,000 டாலர் பரிசு கிடைத்தது. அவர் கையிலிருந்தது அபூர்வக் கருவி ஒன்றுமில்லை.

பரிசுத் தொகையைக் கேட்டு ஜூனியர்களின் கண் விரியும்போது, இதை எழுதுகிறவன் தன் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுவான். ஒரு பஸ் டிக்கெட் தளத்தின் முகவரியில் சீட்டு எண்ணை ஒன்று கூட்டிப் பார்த்தான். அடுத்தவர் டிக்கெட் வந்து நின்றது. நேர்மையற்ற நோக்கத்தோடு அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினியில் கைவைத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு என்பதை அன்று இரவுதான் படித்தான். அத்தோடு நிறுத்தி, தளத்தாருக்கும், இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் எழுதினான். தளத்தாரிடமிருந்து நன்றியும் வரவில்லை, வக்கீல் நோட்டீசும் வரவில்லை. இரண்டாவது வராததில் அவனுக்கு மகிழ்ச்சி.

போன கோடையில் ஜூனியர்கள் இரண்டு பேரைக் காஞ்சிபுரத்தில் பஸ் மாற்றி உத்திரமேரூர் கூட்டிப் போனான். சுவர் முன்னால் நின்று விதியை விளக்கியதும் ஒருவன் கையை நீட்டி, விரலை விரித்து, திருப்பிப் பார்த்தான்.

"விரல் ஓகேண்ணே. சட்டைக் கைக்குள்ள வெச்சிருந்தா?"

"அப்ப ஏதுடா சட்டை? வேட்டி மடிப்பைப் பாரு," என்றான் இன்னொருவன்.

இருவரும் மறுபடி முதல் வரியிலிருந்து கேட்க ஆரம்பித்தார்கள்.