வெள்ளைச் சுவரும் விளக்கொளியும்

பாலாற்றங்கரை ஊர்களில் தோல் பதனிடும் தொழில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்டு வந்திருக்கிறது. ஆயினும் அதன் கழிவுநீரால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்னும் வேளாண்மைப் பல்கலைக்கழக வேலூர் ஆராய்ச்சி மையத்தின் கணிப்பை, உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் எடுத்துரைத்திருக்கிறது. நிலத்தடி நீர் உவர்த்துப்போன இப்பிரதேசத்தில், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு முதலிய ஊர்களின் நெருக்கமான தெருக்களில் வசிக்கும் ஒரு குடும்பம், சேமித்த மழைநீரைக் கொண்டு வீட்டுக்குள்ளேயே விளக்கொளியில் புதினாவும் கொத்தமல்லியும் வளர்க்க முற்படுமாயின் அது ஆடம்பரமன்று. அம்முயற்சியைக் கெடுக்கும் அபிப்பிராயங்கள் சில உலவுகின்றன.

கூரையில் எரியும் டியூப்லைட் நாம் படிக்கப் போதுமானால் செடிக்கும் போதும் என்பது அவற்றுள் ஒன்று. மங்கிய ஒளிக்கும் மனிதக் கண் தன்னைப் பழக்கிக்கொள்வதால் விளையும் மயக்கம் இது. நண்பகல் வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் பிரகாசம் இருக்க, இரவில் டியூப்லைட் எரியும் அறையில் 200 அல்லது 300 லக்ஸ் இருந்தாலே அதிகம். அத்தகைய அறையில் முளைத்த கொத்தமல்லியைக் குனிந்து பார்த்தால், வெளிறிய தண்டு நூல்போல் நீண்டு, விதையிலைகளின் பாரத்தையும் தாங்கமாட்டாமல் ஜன்னல் பக்கம் சாய்ந்து கிடப்பதைக் காணலாம். 20 வாட் எல்.இ.டி. குழல்கள் இரண்டை இலைநுனிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, செடி வளர வளரக் கயிற்றைச் சுருக்கி உயர்த்திக்கொண்டே போனால் இக்குறை நீங்கும். குண்டு பல்பைப் போல் இவை இலையைப் பொசுக்குவதில்லை.

பணம் அதிகம் விரயமாவது சுவர் விஷயத்தில்தான். கண்ணாடியோ அலுமினியத் தாளோ பதித்தாலன்றி ஒளி திரும்பாது என்று பலர் திடமாக நம்புகிறார்கள். பளபளப்பு வேறு, பிரதிபலிப்பின் அளவு வேறு. நன்றாக அடித்த சுண்ணாம்பு வெள்ளை, தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் திருப்பித் தருவதோடு, அதை எல்லாத் திசைகளிலும் பரப்புவதால், மேலிலைகளின் நிழலில் ஒடுங்கியிருக்கும் கீழிலைகளுக்கும் பங்கு கிடைக்கிறது. கண்ணாடி ஒரே பக்கமாக ஒளியைத் தள்ளுகிறது. அலுமினியத் தாள் கசங்கியதும் ஒளியைத் திட்டுத் திட்டாகச் சிதறடிப்பதோடு, ஈரமும் மின்கம்பியும் அருகருகே இருக்கும் இடத்தில் ஆபத்தையும் விளைவிக்கக்கூடும். தோல் துணுக்குகளைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரத்தைச் சுண்ணாம்பில் கலந்து அடித்தால் வெள்ளை கையில் ஒட்டாமல் நிற்கும் என்பது நம் பெரியோர்கள் அறிந்த யுக்தி. ஆனால் சுண்ணாம்பு தானே என்று தோல் ஷாப்புத் தொட்டியில் மயிர் களையப் பயன்பட்டதை வீட்டுக்குக் கொண்டுவரலாகாது. அதில் சோடியம் சல்பைடு கலந்திருக்கும். மேலும், எந்தச் சுவரும் ஒளியை உண்டாக்குவதில்லை, சிதறிப்போவதைத் தடுக்கிறது, அவ்வளவே. ஆகையால் வெள்ளைச் சுவர் பத்தடி தூரத்தில் இருந்து பயனில்லை, தொட்டிகளை அறையின் மூலையில் வைத்து, திறந்த பக்கங்களில் வெள்ளை அட்டையை நிறுத்துவதே உத்தமம்.

ஊதா நிற விளக்குதான் செடிக்கு உகந்தது, பச்சை ஒளியை இலை அறவே ஏற்காது என்ற கூற்றும் ஆதாரமற்றது. இலை பச்சை ஒளியில் சிறு பகுதியையே திருப்பி அனுப்புகிறது. பெரும்பகுதியைக் கிரகித்து உணவாக்கப் பயன்படுத்துகிறது என்பதை மக்ரீ என்ற விஞ்ஞானி 1972-இல் வெளியிட்ட அளவீடுகள் தெளிவாக்கின. கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண வெள்ளைக் குழலே போதும். அதன் கீழ்தான் இலையின் மஞ்சளையும் பூச்சியையும் கண்ணால் சரியாகக் காணவும் முடியும்.

இரவு முழுவதும் எரியவிட்டால் இருமடங்கு விளையும் என்று எண்ணுவோரும் உண்டு. பகலின் நீளத்தைக் கொண்டே பல தாவரங்கள் பூக்கும் காலத்தை நிர்ணயிக்கின்றன என்பதை கார்னர், அல்லார்டு என்னும் இருவர் 1920-இலேயே நிரூபித்துவிட்டார்கள். கொத்தமல்லிக்கு ஒளிநேரம் நீண்டால் தழை பெருகுமுன் பூத்தண்டு கிளம்பிவிடும். தக்காளியின் இலைகளோ இருளே இல்லாவிட்டால் வெளுத்துப் பழுதாகும். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை எரியவிட்டால் கீரைக்கும் தழைக்கும் போதும். இரண்டு குழல்களுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரமே செலவாகும்.