டிசம்பர் லீவுக்கு கோவா: காரா, ஃப்ளைட்டா? ஒரே ஒரு நம்பர் பதில் சொல்லிடும்



தீபாவளி முடிஞ்ச கையோட ஆபீஸ்ல ஒரு பேச்சு ஆரம்பிச்சிடும். "டிசம்பர் கடைசி வாரம் எங்கே போறீங்க?" அதுக்குப் பதில் கோவான்னு வந்தா அடுத்த கேள்வி, "கார்லயா, ஃப்ளைட்லயா?"

ஒருத்தர் சொல்வார்: "நாலு பேருக்கு டிக்கெட் போட்டா 60,000 ஆகுதுங்க. பெட்ரோல் 15,000 தான். பேசாம கார்ல போயிடலாம்." இன்னொருத்தர் சொல்வார்: "ரெண்டு நாள் வண்டி ஓட்டணும், லீவும் போகும். ஃப்ளைட்ல ரெண்டு மணி நேரம் கூட ஆகாது."

ரெண்டு பேர் சொல்றதும் பாதிக் கணக்குதான். முதல் ஆள் பெட்ரோலை மட்டும் பார்க்கிறார், ரெண்டாவது ஆள் நேரத்தை மட்டும் பார்க்கிறார். முழுக் கணக்கையும் போட்டா, ஒரே ரூட், ஒரே கார், ஆனா குடும்பத்துக்குக் குடும்பம் பதில் தலைகீழா மாறும். அது எப்படின்னு இந்தப் பதிவில் பார்ப்போம்.

நம்ம உதாரணம்

சென்னையிலிருந்து கோவா, பெங்களூரு–சித்ரதுர்கா–ஹூப்ளி வழியாகச் சுமார் 930 கி.மீ. குடும்பத்தில் கணவன், மனைவி, 8 வயசுப் பொண்ணு, 4 வயசுப் பையன். கணவன் மனைவி ரெண்டு பேரும் சம்பளக்காரங்க. கோவாவில் 4 இரவு தங்கணும். ஹோட்டல் செலவு ரெண்டு வழியிலும் ஒண்ணுதான் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கலை.

கீழே உள்ள தொகைகள் எல்லாம் உதாரணத்துக்காக நான் வெச்சுக்கிட்டவை. உங்க வண்டி, உங்க தேதிக்குத் தகுந்த மாதிரி மாத்திக்குங்க. முறைதான் முக்கியம்.

கார் கணக்கு

போக வர 1,860 கி.மீ., அங்கே சுத்துறதுக்கு 340 கி.மீ., மொத்தம் 2,200 கி.மீ.

- பெட்ரோல்: ஏசி போட்டு, ஆளும் லக்கேஜுமாகப் போனா லிட்டருக்கு 15 கி.மீ. லிட்டர் 102 ரூபாய்னு வெச்சா சுமார் 15,000
- டோல்: போக வர சுமார் 3,000
- வண்டித் தேய்மானம்: 5,500
- வழியில் ராத்திரி தங்க (போக 1, வர 1): 6,000
- வழியில் கூடுதல் சாப்பாட்டுச் செலவு, 4 நாள்: 4,000

மொத்தம்: 33,500 ரூபாய்.

இதில் நிறையப் பேர் விட்டுடுறது தேய்மானம். 20,000 ரூபாய் கொடுத்து வாங்குற நாலு டயர் 40,000 கி.மீ. ஓடும்னா, கிலோமீட்டருக்கு 50 பைசா. 10,000 கி.மீ.க்கு ஒரு சர்வீஸ், 7,000 ரூபாய்னா 70 பைசா. வண்டியை விக்கும்போது மீட்டரைப் பார்த்துத்தான் விலை பேசுவாங்க. அதுக்கு ஒரு 1.30 ரூபாய். ஆக கிலோமீட்டருக்கு 2.50. இது இன்னிக்கு உங்க பர்ஸிலிருந்து போகாது. ஆனா கட்டாயம் போகும்.

இன்சூரன்ஸ் பிரீமியத்தையும் கார் லோன் இ.எம்.ஐ.யையும் நான் சேர்க்கலை. நீங்க கோவா போனாலும், வீட்டிலேயே இருந்தாலும் அது கட்டியே ஆகணும். இந்தப் பயணத்தால் புதுசா வர்ற செலவை மட்டும்தான் எடுக்கணும்.

டோலுக்கு ஒரு டிப்ஸ். 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்த உபயோகக் கார்களுக்கு ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் வந்திருக்கு. 3,000 ரூபாய்க்கு அறிமுகமானது. ஒரு வருஷம் அல்லது 200 டிரிப், எது முதலில் முடியுதோ அதுவரை செல்லும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கார்ல ஊருக்குப் போறவங்களுக்கு இது லாபம். ஆனா தேசிய நெடுஞ்சாலை, தேசிய எக்ஸ்பிரஸ்வே டோல்களில் மட்டும்தான் செல்லும். பெங்களூரைச் சுத்திப் போற நைஸ் ரோடு மாதிரி இடங்களில் தனியாகக் கட்டணும்.

ஃப்ளைட் கணக்கு

முதலில் டிக்கெட் தவிர்த்த செலவைப் பார்ப்போம்.

- சென்னையில் வீடு–ஏர்போர்ட் கேப், போக வர: 1,500
- கோவா ஏர்போர்ட் டாக்ஸி, போக வர: 4,000
- கோவாவில் வாடகைக் கார் 4 நாள், பெட்ரோலோடு: 12,000
- ஏர்போர்ட் சாப்பாடு: 2,000

மொத்தம்: 19,500 ரூபாய். டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடியே இவ்வளவு!

இனி டிக்கெட். சாதாரண நாளில் ஒரு வழிக்கு 4,500 ரூபாய்னா, நாலு பேருக்குப் போக வர 36,000. கிறிஸ்துமஸ் வாரத்தில் அதே சீட் 7,500 ஆனா 60,000. குழந்தைக்கு அரை டிக்கெட் இருக்கும்னு நினைக்காதீங்க. 2 வயசு முடிஞ்சா தனி சீட், கிட்டத்தட்ட முழு டிக்கெட் விலை.

ஆக ஃப்ளைட் மொத்தம், சாதாரண நாளில் 55,500. பீக் வாரத்தில் 79,500.

கோவாவுக்கு இன்னொரு விஷயம். அங்கே ரெண்டு ஏர்போர்ட். பழையது டாபோலிம், வாஸ்கோ பக்கம். 2023 ஜனவரியில் சேவை தொடங்கின மோபா, வடக்குக் கோடியில். மோபாவுக்கு டிக்கெட் 600 ரூபாய் குறைவா இருக்குன்னு போட்டுட்டு, ஹோட்டலைத் தெற்கே பாலோலெம் பீச்சில் எடுத்தா, சுமார் 100 கி.மீ. டாக்ஸி. மிச்சம் பிடிச்சது அதிலேயே போயிடும். நம்ம ஊர் மாதிரி ஆப்பைத் திறந்தவுடனே கேப் வரும்னும் எதிர்பார்க்காதீங்க. வாடகைக் கார் எடுத்தா, கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து நம்பர் பிளேட் இருக்கான்னு பாருங்க. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடுறது சட்டப்படி செல்லாது.

லீவுக்கும் விலை உண்டு

ஃப்ளைட்டில் போனா மொத்தம் 5 நாளில் வீடு திரும்பலாம். கார்ல போனா 7 நாள். அந்த ரெண்டு நாளுக்கு என்ன விலை? இது உங்க கம்பெனி லீவு பாலிசியைப் பொறுத்தது.

- வருஷக் கடைசியில் லாப்ஸ் ஆகப்போற லீவு: விலை பூஜ்யம். எடுக்கலைன்னா எப்படியும் போகும்.
- பணமாக்கிக்கக்கூடிய லீவு: கம்பெனி கொடுக்கிற ஒரு நாள் தொகைதான் விலை. பல இடங்களில் பேசிக் சம்பளத்தை வெச்சுத்தான் கொடுப்பாங்க. எச்.ஆர்.கிட்ட கேட்டுக்குங்க.
- லீவே மிச்சம் இல்லை, சம்பளம் பிடிப்பாங்க: ஒரு நாள் முழுச் சம்பளம்.
- கூடுதல் ரெண்டு நாளும் சனி, ஞாயிறில் விழுந்தா: விலை பூஜ்யம்.

நம்ம உதாரணத்தில் ஒருத்தருக்கு ஒரு நாள் 2,500னு வெச்சா, ரெண்டு பேர், ரெண்டு நாள், 10,000 ரூபாய்.

அந்த ஒரு நம்பர்

இப்போ இதை எழுதி வெச்சுக்குங்க:

(கார் மொத்தச் செலவு + கூடுதல் லீவின் மதிப்பு − டிக்கெட் தவிர்த்த ஃப்ளைட் செலவு) ÷ ஆட்கள் எண்ணிக்கை = சமநிலை டிக்கெட் விலை

இந்த விலைக்குக் கீழே போக வர டிக்கெட் கிடைச்சா ஃப்ளைட் லாபம். மேலே போனா கார் லாபம்.

நம்ம குடும்பத்துக்கு: 33,500 + 10,000 − 19,500 = 24,000. நாலால் வகுத்தா 6,000 ரூபாய்.

அதாவது போக வர டிக்கெட் தலைக்கு 6,000க்குக் கீழே கிடைச்சாதான் ஃப்ளைட். சாதாரண நாளிலேயே போக வர 9,000 ஆகுது. அதனால இவங்களுக்குக் கார்தான். பீக் வாரத்தில் 15,000 டிக்கெட்டுன்னா யோசிக்கவே வேண்டாம். லீவின் மதிப்பு பூஜ்யம்னா இந்த நம்பர் 3,500 ஆக இறங்கிடும். கார் பக்கம் இன்னும் பலமாகும்.

இப்போ அதே ரூட், அதே கார், ஆனா குழந்தை இல்லாத இளம் தம்பதி. கார் செலவில் குறையறது சாப்பாட்டில் 2,000 மட்டும்தான், ஆக 31,500. ஃப்ளைட்டில் போனா இவங்க அங்கே ஸ்கூட்டர் எடுத்துக்குவாங்க. அதனால டிக்கெட் தவிர்த்த செலவு 9,000தான் (கேப் 1,500, டாக்ஸி 4,000, ஸ்கூட்டர் 2,500, சாப்பாடு 1,000). கணக்கு: 31,500 + 10,000 − 9,000 = 32,500. ரெண்டால் வகுத்தா 16,250!

பீக் வாரத்தில் போக வர 15,000 கொடுத்தாக்கூட இவங்களுக்கு ஃப்ளைட்தான் லாபம். நாலு பேர் குடும்பத்துக்கு 6,000, ரெண்டு பேருக்கு 16,250. காரணம் சிம்பிள். காரில் எத்தனை பேர் ஏறினாலும் பெட்ரோலும் டோலும் கிட்டத்தட்ட அதேதான். ஃப்ளைட்டில் ஒவ்வொரு தலைக்கும் டிக்கெட். அதனால "என் ஃப்ரெண்ட் கார்ல போய் 40,000 மிச்சம் பிடிச்சான்"னு கேட்டு முடிவு எடுக்காதீங்க. அவர் வீட்டில் எத்தனை பேர், எந்த வாரம் போனார், அதை முதலில் கேளுங்க.

அந்த 6,000 ரூபாயை மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க

கார் கணக்கில் ராத்திரி தங்க 6,000 போட்டோம் இல்லையா? எல்லாரும் முதலில் கை வைக்கிறது அதில்தான். "நைட்டு 10 மணிக்குக் கிளம்பினா டிராஃபிக் இருக்காது, ஒரே மூச்சில் ஓட்டிடலாம்"னு சொல்வாங்க.

2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவங்க 1,68,491 பேர். அதில் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளிலும் எக்ஸ்பிரஸ்வேக்களிலும் இறந்தவங்கன்னு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்லுது. பகல் முழுக்க ஆபீஸ் வேலை பார்த்துட்டு, ராத்திரி முழுக்க ஸ்டியரிங் பிடிச்சா, விடிகாலை 3 மணிக்குக் கண் தானாகச் சொருகும். பின் சீட்டில் குழந்தைங்க தூங்கிட்டு இருப்பாங்க. இந்த ரிஸ்க்குக்கு எந்த ஃபார்முலாவிலும் இடம் இல்லை.

அதனால பகல்ல மட்டும் ஓட்டுங்க. முதல் நாள் விடிகாலை கிளம்பி சித்ரதுர்காவில் தங்கலாம், சுமார் 550 கி.மீ. மறுநாள் காலையில் குழந்தைங்களுக்குக் கோட்டையைக் காட்டிட்டுக் கிளம்பினா, மேற்குத் தொடர்ச்சி மலை இறக்கத்தைப் பகல் வெளிச்சத்திலேயே கடந்திடலாம். மார்கழியில் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் விடிகாலைப் பனி இறங்கும். அங்கே வேகம் வேண்டாம். ஓட்டத் தெரிஞ்சவர் ஒருத்தர்தான், ரெண்டு நாள் தொடர்ந்து ஓட்ட உடம்பு ஒத்துழைக்காதுன்னா, நம்பர் என்ன சொன்னாலும் ஃப்ளைட்டிலேயே போங்க. அந்தக் கூடுதல் பணம் வீண் செலவு இல்லை.

கிளம்புறதுக்கு முன்னாடி கார் பாலிசியை எடுத்துப் பாருங்க. தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தா, உங்க வண்டிக்கு ஆகுற சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது.

புயல், லீவு அப்ரூவல், எல்.டி.ஏ.

டிசம்பர் சென்னைக்குப் புயல் மாசம். 2023-ல் மிக்ஜாம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல், ரெண்டு தடவையும் சென்னை ஏர்போர்ட்டை மூட வேண்டி வந்தது. அந்த நேரத்தில் ரோட்டிலும் தண்ணிதான். ஆனா கார்னா பயணத்தை ஒரு நாள் தள்ளிப் போட்டுக்கலாம். டிக்கெட்ல தேதியை நீங்களா மாத்தினா கட்டணம் உண்டு.

அதே மாதிரி, லீவு அப்ரூவ் ஆகாம மலிவான டிக்கெட்டைப் போட்டுடாதீங்க. கடைசி நேரத்தில் மேனேஜர் "ரிலீஸ் இருக்கு"ன்னு சொன்னா, கேன்சலேஷனில் பாதிக்கு மேல போயிடலாம்.

பழைய வரி முறையில் இருந்து, சம்பளத்தில் எல்.டி.ஏ. இருக்கிறவங்களுக்கு ஃப்ளைட் பக்கம் ஒரு சலுகை. நாலு வருஷ பிளாக்கில் ரெண்டு பயணத்துக்கு, இந்தியாவுக்குள்ள, டிக்கெட் செலவுக்கு மட்டும் வரி விலக்கு கிடைக்கும். 36,000 டிக்கெட்டுக்கு 20% ஸ்லாபில் செஸ்ஸோடு சேர்த்து சுமார் 7,500 மிச்சம். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீங்க. புது வரி முறையில் இருக்கிறவங்களுக்கு இது கிடையாது.

காசு எங்கிருந்து வருது?

கார், ஃப்ளைட் எதுவா இருந்தாலும் இதுதான் பெரிய கேள்வி. பீக் வாரத்துக்கு 80,000 ரூபாயைப் பர்சனல் லோனா 16% வட்டிக்கு 12 மாசத்துக்கு எடுத்தா, மாசம் சுமார் 7,260 இ.எம்.ஐ. வட்டி மட்டும் 7,100. புராசஸிங் கட்டணம் தனி. அடுத்த டிசம்பர் வந்த பிறகுதான் போன டிசம்பர் டூர் முடியும்!

அதுக்குப் பதிலா ஜனவரியில் மாசம் 4,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. போடுங்க. நவம்பரில் 44,000 பிளஸ் வட்டி கையில் இருக்கும். நம்ம உதாரணக் குடும்பத்தின் கார் செலவு 33,500 போக, ஹோட்டலுக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. எச்.ஆர். போர்ட்டலில் மிச்ச லீவு எவ்வளவு, எது லாப்ஸ் ஆகும்னு பாருங்க.
2. உங்க காரின் உண்மையான மைலேஜை ஒரு தடவை டேங்க் நிரப்பி அளந்து பாருங்க. கம்பெனி சொல்ற மைலேஜ் வேண்டாம்.
3. மேலே உள்ள கணக்கில் உங்க நம்பரைப் போட்டு சமநிலை விலையைக் கண்டுபிடிங்க.
4. டிக்கெட் விலை அந்த நம்பருக்குக் கீழே இருந்தா, லீவு அப்ரூவ் ஆன அன்னிக்கே புக் பண்ணுங்க. மேலே இருந்தா வண்டியை சர்வீஸுக்கு விடுங்க.

உங்க வீட்டுக்கு வந்த நம்பர் எவ்வளவு, எத்தனை பேர், எந்த ஊர்னு கமெண்டில் எழுதுங்க. நல்ல கணக்குகளை எடுத்து நம்ம சேனலில் ஒரு வீடியோவாகப் போட்டுப் பார்த்திடுவோம். அடுத்த பதிவில் சந்திப்போம்.