பழைய கார் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

மகாராஜபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் தினமும் வேலைக்குப் போய்வரும் பிள்ளைகள், பைக்கை விட்டுவிட்டுச் சின்ன கார் ஒன்று வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வாங்குங்கள். மழையிலும் வெயிலிலும், இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும்போதும் அது பாதுகாப்பு. பழைய காரின் தரம், முன்பு வைத்திருந்தவர் அதைப் பார்த்துக்கொண்ட விதத்தில் இருக்கிறது. கம்பெனிப் பெயரும் பளபளப்பும் அதற்கு அப்புறம்தான்.

1. கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். மூன்று லட்சம் இருந்தால் இரண்டரை லட்சத்துக்குள் வண்டி பாருங்கள். டயர், பேட்டரி, ஆயில், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாம் முதல் மாதத்திலேயே செலவு வைக்கும்.

2. உங்கள் ஊர் மெக்கானிக்குக் கை பழகிய வண்டியாக எடுங்கள். ஆல்டோ 2000-லிருந்து ஓடுகிறது, வேகன்ஆர் அதற்கும் ஒரு வருடம் மூத்தது. இவற்றைப் பிரித்து மாட்டத் தெரியாத ஒர்க்‌ஷாப் அபூர்வம். வேலைக்குப் போகிறவருக்கு வண்டி ஒரே நாளில் சரியாகித் திரும்புவது பெரிய விஷயம்.

3. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பதுபோல, முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் அடியில் வெள்ளைப் பசை அப்பியிருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். மெக்கானிக் தெளிவாகச் சொல்லும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

4. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்திலும் கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. கழுவி பாலிஷ் போட்டாலும் பெல்ட்டின் உள்பகுதியில் சேற்றுக் கறை நிற்கும். சீட்டுக்கு அடியில் கம்பி துருப்பிடித்திருக்கிறதா, தரைவிரிப்புக்குக் கீழே ஈர வாடை அடிக்கிறதா என்றும் பாருங்கள்.

5. கிலோமீட்டர் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். முப்பதாயிரம் என்று மீட்டர் காட்டி, கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் கணக்கு இடிக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் வயதான டயர் வெயிலில் வெடிக்கும்.

6. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் வண்டியில் உள்ளதையும் ஒத்துப் பாருங்கள். கடனில் வாங்கிய வண்டியென்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள். "அப்புறம் மாத்திக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். முந்தையவரின் நோ க்ளைம் போனஸ் உங்களுக்கு வராது, பிரீமியத்தில் அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும். பதிவான 15 ஆண்டில் வண்டிக்கு எஃப்.சி. பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு எத்தனை வருடம் மிச்சம் என்று எண்ணித்தான் விலை பேச வேண்டும்.

7. வாங்கியபின் பராமரிப்பு உங்கள் பொறுப்பு. கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். தென்னந்தோப்பு ஓரம் நிறுத்துகிறவர்கள் வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். கிளட்சில் கால் வைத்தபடியே ஓட்டாதீர்கள். அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல் காயும், வேகத்தைக் குறையுங்கள். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போகிறவர்களின் வண்டிகள் தாணிப்பாறைச் சாலையை அடைக்கும், அன்று முன்கூட்டியே கிளம்புங்கள்.

கடைசியாக ஒன்று. வண்டி பார்க்கப் போகும்போது தரகருக்கு வேண்டிய மெக்கானிக்கை விட்டுவிட்டு, உங்கள் மெக்கானிக்கைக் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். அவர் வேண்டாம் என்றால், கலர் எவ்வளவு பிடித்திருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். அவசரப்படாதவருக்கு நல்ல வண்டி கட்டாயம் கிடைக்கும்.